சின்னத் துளைதானே என்று எண்ணாதீர்!



வயிற்றைக் கிழித்துவிடுவார்களே என்று பயந்து, குடல்வால் வலியை மறைத்து வைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றில் இறங்கி நிற்கும். பசி இருக்காது, குமட்டும், காய்ச்சலும் காணும். "ஒண்ணுமில்லே, வாயுதான்" என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். வயிற்றை நீவி விடாதீர்கள். வீங்கிய குடல்வால் உடைந்தால் சீழ் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகும். சாப்பாடு கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். பிறை வட்டாரத்தாருக்குச் செபராங் ஜெயா ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்போது பலருக்குப் பெரிய வெட்டு தேவைப்படுவதில்லை. 1980இல் ஜெர்மனியில் குர்ட் செம் என்ற பெண்நோய் மருத்துவர் துளை வழியாகக் குடல்வாலை எடுத்துக் காட்டினார். அன்று அறுவை மருத்துவர்களே அவரை எதிர்த்தார்கள். இன்று உலகமெங்கும் அந்த முறை நடக்கிறது. பெரும்பாலும் மூன்று சின்னத் துளைகள் போடுவார்கள். வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி, கேமராவை உள்ளே விட்டு, திரையில் பார்த்தபடியே குடல்வாலைக் கட்டி அறுத்து எடுப்பார்கள். பிறகு ஓரிரு நாள் தோள்பட்டை வலித்தால் பதறாதீர்கள். அந்த வாயுவின் வேலைதான் அது. ஆனால் தாமதித்து வருபவருக்குப் பழையபடி பெரிய வெட்டே போட வேண்டி வரலாம்.

இன்னொரு விஷயத்தையும் அழுத்திச் சொல்கிறேன். "மூணு பொட்டளவு காயம்தானே, வேலைக்கு வா" என்று மண்டோர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். வெளியே காயம் சின்னது. உள்ளே அறுத்த இடம் ஆற வேண்டாமா? செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் கனக்கும். அவசரப்பட்டுத் தூக்கினால் துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கக்கூடும். எத்தனை நாள் ஓய்வு என்பதை டாக்டர் சீட்டு சொல்லட்டும். தழும்பின் அளவு சொல்ல வேண்டாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி, ஆஸ்பத்திரி லீவு ஆண்டுக்கு 60 நாள் வரை உண்டு. சாதாரண நோய் லீவு அதற்குப் புறம்பு. சர்வீசைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். இரண்டுக்கும் சம்பளம் உண்டு. சீட்டைக் காட்டியும் சம்பளத்தைப் பிடித்தால் வாய்மூடி இருக்காதீர்கள், தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

வலி வந்த நாளில் தாமதம் வேண்டாம். ஆறுகிற நாளில் அவசரம் வேண்டாம்.