மாத்திரை இலவசம், சோதனை யாருக்கு?

வலிப்பு நோய்க்கு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் மருந்துகளில் கார்பமசெபின் ஒன்று. குருவிகுளம் வட்டாரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கும் தொழிலாளி வீட்டிலும் இந்தப் பெயர் இருக்கலாம். நல்ல மருந்துதான். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஓடும் இயந்திரத்தின் முன்னாலோ கிணற்றுமேட்டிலோ வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிலருக்கு இதே மாத்திரை எமனாகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வரும், கண் சிவக்கும், வாய் புண்ணாகும்; பிறகு வெந்நீர் கொட்டியதைப்போல் தோல் கொப்பளித்து உரியும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்பது வைத்தியர்கள் வைத்த பெயர். முற்றிவிட்டால் பத்துப் பேரில் மூன்று பேர் வரை பிழைப்பதில்லை. பிழைத்தவரிலும் பார்வை கெட்டவர்கள் உண்டு. இதை அம்மை என்று எண்ணி வேப்பிலை செருகிவிட்டு, மாத்திரையையும் விடாமல் கொடுத்து வந்தால் கதி என்ன?

இது தலைவிதி அல்ல. 2004இல் தைவான் விஞ்ஞானிகள் இந்நோய் கண்ட 44 பேரைப் பரிசோதித்தார்கள். 44 பேரிடமும் ஒரே பரம்பரை அடையாளம் இருந்தது. எச்.எல்.ஏ.-பி 15:02 என்று அதற்குப் பெயர். மில் கேட்டில் காட்டும் சீட்டைப்போல, உடம்பின் காவல் அணுக்களுக்கு 'நம் ஆள்' என்று காட்டும் சீட்டுகளில் இது ஒரு வகை. மருந்து அதில் போய் ஒட்டிக்கொள்ள, காவலாளி சொந்தத் தோலையே அந்நியன் என்று தாக்குகிறான்.

பிறகு அங்கே 4,877 பேரை மருந்து கொடுக்குமுன்பே சோதித்து, அடையாளம் உள்ளவர்களுக்கு இந்த மருந்தைத் தவிர்த்தார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது: ஒருவருக்கும் இந்நோய் வரவில்லை. சோதிக்காதிருந்தால் சுமார் பத்துப் பேருக்கு வந்திருக்கும் என்பது கணக்கு.

அது சீனர்களின் சங்கதி என்று சொல்வோர் உண்டு. 2009இல் வெளியான இந்திய ஆய்வில், பாதிக்கப்பட்ட 8 பேரில் 6 பேரிடம் இதே அடையாளம் இருந்தது. மலேசிய இந்தியரிடமும் (ரப்பர் தோட்டத்துக்குப் போன நம் தமிழர்களின் வழிவந்தோரே அவர்களில் அதிகம்) 2014இல் இதே தொடர்பு காணப்பட்டது. இந்தியரில் நூற்றுக்கு 2 முதல் 4 பேரிடம் இது இருக்கலாம் என்பது அமெரிக்க மருந்து இலாகாவின் மதிப்பு. அடையாளம் உள்ள எல்லோருக்கும் நோய் வந்துவிடாது என்பதும் உண்மையே. ஆனால் யாருக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஏழையின் தோலா கிடைத்தது?

சிங்கப்பூரில் 2013 முதல் சோதித்த பிறகே புதிதாக இம்மருந்து தருவது முறை; ஏழைகளுக்கு சர்க்கார் உதவியும் உண்டு. ஆயுளில் ஒரே முறை செய்யும் சோதனை இது. இங்கே அது கட்டாயமில்லை. தனியார் சோதனைக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். களையெடுக்கும் பெண்ணுக்கு அது எத்தனை நாள் கூலி?

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலாவது இச்சோதனையை இலவசமாக ஏற்படுத்த வேண்டும். அதுவரை, மாத்திரையோடு அபாய அறிகுறிகளைத் தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுக் காகிதம் தருவதற்குக்கூடவா சர்க்காரிடம் பணமில்லை?

தோழர்களே, பல வருஷமாகத் தொல்லையின்றிச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பும். புதிதாகத் தொடங்கியவருக்குக் காய்ச்சலோடு வாய்ப்புண்ணோ தடிப்போ கண்டால், அடுத்த மாத்திரையை விழுங்காமல், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.