மாற்றிப் பார்ப்பதும் பார்த்து மாற்றுவதும்

“மாத்திப் பார்த்துரலாங்ணா.” பிக்கப் வைத்துப் பிழைப்பவர்கள் காதில் இந்தப் பேச்சு விழாத மாதம் கிடையாது. பிரேக் இழுக்கிறதா, லைனிங்கை மாத்து. போகவில்லையா, வீல் சிலிண்டரை மாத்து. அடியில் சத்தமா, கிராஸை மாத்து. அதற்கும் அடங்கவில்லையா, ஹவுசிங்கை இறக்கிக் கிரவுன் பினியனைப் பார்த்துவிடலாம். நாமக்கல் வட்டாரத்தில் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை, கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் சந்தேகப்படும் சாமானை மாற்றுவதுதான் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி என்ற எண்ணம் மெக்கானிக், ஓட்டுநர், உரிமையாளர் என்று எல்லோரிடமும் ஊறிக் கிடக்கிறது. கொல்லிமலைச் சரக்கு ஏற்றும் ஒரு பிக்கப்பின் உரிமையாளனாக நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். அதற்குச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

‘புதுச் சாமான் போட்டால் அந்த இடத்துச் சந்தேகம் தீர்ந்தது’

தீராது. எனக்குப் புத்தி வந்த கதை இது. காலி வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் வலது பின் டயர் மட்டும் ரோட்டில் கறுப்புக் கோடு போட்டது. இடது பின் சக்கரம் சும்மா உருண்டது. இடது டிரம்மைக் கழற்றினார்கள், லைனிங் நனைந்திருந்தது. புது லைனிங் போட்டோம். இரண்டு மாதத்தில் அதே கோடு. இந்த முறை லைனிங்கோடு வீல் சிலிண்டரும் புதிது. மழைக்காலம் முடிவதற்குள் மூன்றாவது முறையாக அதே சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தது.

அன்று வேறொரு பட்டறையில் வயதான ஒரு மெக்கானிக் டிரம்முக்குள் விரலைவிட்டு, அந்த ஈரத்தைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். “இது பிரேக் ஆயில் இல்லீங்க. கிரவுன் ஆயில்.” பிரேக் ஆயில் நீர்த்தாற்போல இருக்கும், வாடை லேசு. கிரவுன் ஆயில் விரலில் பிசுபிசுக்கும், கந்தக வாடை அடிக்கும். அச்சின் ஓரத்தில் இருக்கும் சீல் வழியாக ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கிறது. சரி, சீலை மாற்றினால் முடிந்தது என்றேன். அவர் பதில் சொல்லாமல் வண்டிக்கு அடியில் படுத்து, டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் மேல் முதுகில் துழாவினார். அங்கே சுண்டைக்காய் அளவில் ஒரு மூடி, சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதைத் திருகியதும் ‘புஸ்’ என்று காற்று வெளியேறியது.

அதுதான் ஹவுசிங் மூச்சுவிடும் துளை, பிரீதர். ஓட்டத்தில் ஹவுசிங் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரியும். துளை அடைபட்டால் அந்த அழுத்தம் ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். பிரீதரைக் கழுவி, சீலையும் லைனிங்கையும் மாற்றினார். அதன்பின் அந்தக் கோடு விழவில்லை. பிரேக்கில் தெரிந்த கோளாறின் வேர் டிஃபரன்ஷியலில் இருந்தது. முதலில் மாற்றிய லைனிங்கும் கெட்டுத்தான் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அது அடிபட்ட சாமான்; அடித்தது வேறு. மாற்றிப் பார்ப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

‘சத்தம் எங்கே வருகிறதோ அங்கேதான் கோளாறு’

பிக்கப்பின் சேசிஸ் இரும்பு ஏணி. ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் கேட்கும். பின்னால் முனகும் பேரிங் சீட்டுக்கு அடியில் கேட்கும். சென்டர் பேரிங்கின் அதிர்வு கியர் லீவரில் தெரியும். ஆகவே ‘எங்கே’ என்ற கேள்வி அடிக்கடி ஏமாற்றும். ஏமாற்றாத கேள்வி ‘எப்போது’.

முனகல் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் காலை எடுத்ததும் வேறு மாதிரியும் இருந்தால், பாரம் மாறி ஏறும் கிரவுன் பினியன் பக்கம் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டருக்கு மசியாமல் வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கர பேரிங்கோ டயரோ. நல்ல தார்ச்சாலையிலிருந்து சொரசொரப்பான சாலைக்குப் போனதும் ஒலி மாறினால் டயர். நேராகப் போகும்போது லேசாக இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலது சக்கரங்கள் மேல் ஏறும்; அப்போது ஒலி கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வளைவில் மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது ‘டங்’ என்றால் பிராப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்வு. பாரத்தோடு கிளம்பும் அந்த நொடியில் மட்டும் அடிவயிறு உதறினால் சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர்.

அதிர்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. பிக்கப் டயரின் சுற்றளவை 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். அச்சு விகிதம் 4.1 என்றால் பிராப்பெல்லர் ஷாஃப்ட் அதே நொடியில் 31 முறை சுற்றும். எனவே எண்ணிவிடலாம் போல மெதுவாகக் குலுக்கினால் சக்கரம். எண்ண முடியாதபடி ரீங்கரித்தால் ஷாஃப்ட். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்தாயிற்று.

‘பிரேக் மிதித்தால் ஆட்டம், அப்படியென்றால் டிஸ்க் வளைந்துவிட்டது’

முதலில் ஆட்டம் கையிலா, இருக்கையிலா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன் டிஸ்க். இருக்கையும் பின் பாடியும் அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். உறுதி செய்ய, ஆளில்லாத நேர்சாலையில், வேகத்தைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பார்க்கலாம். ஹேண்ட் பிரேக் பின் டிரம்மில் வேலை செய்யும் வண்டியில் அதே ஆட்டம் வந்தால் முன் டிஸ்க்மேல் பழியில்லை.

முன்பக்கம்தான் என்று தெரிந்தாலும், ‘வளைந்த டிஸ்க்’ என்று சொல்லப்படுபவற்றில் பல வளைந்தவை அல்ல. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் ஒட்டிய துருவோ, கோணலாக முறுக்கிய நட்டோ டிஸ்க்கை மயிரிழை சாய்த்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பேட் அதே இடத்தை உரசி உரசித் தடிமனை ஏற்றத்தாழ்வாக்கும். 0.1 மில்லிமீட்டர் பிறழ்ச்சியே இதற்குப் போதும். அந்தத் துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது டிஸ்க்கை மாட்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் புதியதும் பழையதைப் போலவே ஆடும்.

‘எல்லாவற்றுக்கும் ஓவர்லோடுதான் காரணம்’

பாரம் எல்லாவற்றையும் சீக்கிரம் தேய்க்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாரம் பொதுவாக இரண்டு பக்கமும் ஏறுகிறது. ஒரு சக்கரம் மட்டும் சூடாவதற்கோ ஒரு பக்கப் பேட் மட்டும் கரைவதற்கோ அது பதிலாகாது.

பாரத்துக்காக நாம் செய்யும் வைத்தியம் அதைவிட வம்பானது. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி, ஒரு வால்வை இழுத்துக்கொண்டிருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். நாம் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டியை உயர்த்திவிடுகிறோம். இரண்டு டன் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. வால்வு பாவம், வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைப் பட்டினி போடும். முன் பேட்கள் கருகும். நாம் முன் பேட்டை மாற்றுவோம், மறுபடி மாற்றுவோம். அதே பட்டை பினியனின் கோணத்தையும் மாற்றுவதால் கிராஸ்கள் தப்பான கோணத்தில் சுற்றி ஷாஃப்ட் அதிரும். ஒரு பட்டைக்கு இரண்டு வியாதி. பட்டறையிலோ இரண்டையும் தனித்தனிக் கோளாறாகப் பார்த்துத் தனித்தனியாகச் சாமான் எழுதுகிறார்கள்.

‘சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை, வண்டி நின்றால் வாடகை போச்சு’

கால்மணி நேரம் போதும். இன்ஜினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் கல்லாக நின்றால் பூஸ்டர், வேக்குவம் ஓஸ், வேக்குவம் பம்ப் என்று பார்க்கலாம். அழுத்திப் பிடித்த பெடல் வெளியே கசிவில்லாமல் மெல்ல மெல்ல அமிழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டர். பஞ்சுபோல அமுங்கினால் காற்று.

சக்கரம் பிடித்துக்கொண்டு விடாமல் சூடேறுகிறதா? ஜாக்கி வைத்துத் தூக்கி, பிளீடரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்போதும் விடவில்லை என்றால் கேலிப்பரின் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது. விட்டுவிட்டால் அழுத்தம் எங்கோ சிக்கியிருக்கிறது. மறுபடி மிதித்துப் பிடிக்கவைத்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து நட்டைத் தளர்த்துங்கள். அங்கே விட்டால் குறை மாஸ்டரிலோ பெடலின் விளையாட்டிலோ. விடாவிட்டால் ரப்பர் ஓஸ் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கிறது. சில நூறு ரூபாய் ஓஸுக்காகக் கேலிப்பரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

மாற்றுவதால் நஷ்டமில்லை என்பதும் பொய். பிராப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும்போது குறியிடாமல், ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளி மாட்டினால் இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் நிற்காது. கழற்றும் முன் இல்லாத அதிர்வு மாட்டியபின் பிறக்கும்.

சில கோளாறுகள் பட்டறைக்கு வரும்போதே மறைந்துவிடுகின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அன்னாசி பாரத்தோடு பிரேக்கையே நம்பி இறங்கிய வண்டிக்குப் பாதியில் பெடல் தரைதட்டும். காரவள்ளி தாண்டி, காளப்பநாயக்கன்பட்டி வந்து டீ குடித்து எழுந்தால் பெடல் பழையபடி நிற்கும். “மாஸ்டர் போயிருக்குங்க” என்பார்கள். ஆனால் குறை ஆயிலில். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய நிலைக்கான வரம்பு 140 டிகிரிதான். பழைய ஆயில் மலையில் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், பெடல் இறங்கும். ஆறியதும் சாட்சி மறைந்துவிடும். இதற்கு மருந்து புது ஆயிலும், ஏறிய கியரிலேயே இறங்கும் பழக்கமும்.

‘இனி ஸ்கேனர் சொல்லிவிடும்’

சென்சார் இருக்கும் இடத்தைச் சொல்லும். வறண்ட கிராஸுக்கும் நனைந்த லைனிங்குக்கும் சேறு அடைத்த பிரீதருக்கும் சென்சார் கிடையாது.

மாற்றவே கூடாது என்பதல்ல என் கட்சி. நனைந்த லைனிங்கைக் கழுவிப் போடுவது உயிரோடு விளையாடுவது. லைனிங்கையும் பேட்டையும் இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். வெடித்த ஓஸுக்கு விசாரணை தேவையில்லை. ஆனால் மாற்றும் முன் ‘எப்போது’ என்றும், மாற்றியபின் பழைய சாமானைக் கையில் வாங்கி ‘இது ஏன் போச்சு’ என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஓட்டுநர்தான் பதில் வைத்திருக்கிறார். “பிரேக் சரியில்லை” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அந்தப் பதிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மெக்கானிக் வேறென்ன செய்வார்? மாற்றித்தான் பார்ப்பார்.

இப்போதெல்லாம் மழைக்காலம் முடிந்ததும் நானே வண்டிக்கடியில் படுத்து அந்தச் சுண்டைக்காய் மூடியைத் துடைத்துவிடுகிறேன். செலவு, ஒரு பழைய வேட்டித் துண்டு.