பட்டா ஒருவருக்கு, பாடு ஒருவருக்கு

பிழைப்பைத் தேடி பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்துவிட்ட தமிழர்கள் பலருக்குச் சொந்த ஊரில் இன்னும் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ நிலம் உண்டு. பங்காளியிடமோ அடுத்த வயல்காரரிடமோ அதைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டிருப்பார்கள். உழவர்களுக்கான மத்திய அரசின் உதவித் தொகை, பட்டாவில் பெயருள்ளவரின் பாங்கிக் கணக்குக்கே போகிறது. வெயிலில் நின்று களை எடுப்பவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. விதிப்படி இது குற்றமல்ல. விதியே கோணலாக இருப்பதுதான் குறை.

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில். முதலில் 2 ஹெக்டேர் வரை வைத்திருப்போருக்கு என்றிருந்தது, அதே ஆண்டில் எல்லா நில உடைமையாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோரும், கடைநிலை ஊழியர் நீங்கலான அரசு ஊழியர்களும் விலக்கப்பட்டனர். ஆனால், வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத தனியார் கம்பெனி குமாஸ்தா, பட்டா இருந்தால் விவசாயி. அவர் நிலத்தை உழுகிறவர், பட்டா இல்லாததால் விவசாயி அல்ல!

குத்தகை வாய்ப்பேச்சாக இருக்கும்போது யாரை நம்பிப் பணம் கொடுப்பது என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 2020இல் சுமார் ஐந்தரை லட்சம் தகுதியற்றவர்கள் இத்திட்டத்தில் நுழைந்து, ஏறக்குறைய 110 கோடி ரூபாய் பெற்றது அம்பலமாயிற்று. ஆனால் அந்த மோசடிக்குக் காரணம் குத்தகைதாரர்கள் அல்ல; ஆவணங்களைச் சரிபார்க்காமல் பெயர்களைச் சேர்த்ததே காரணம்.

மனமிருந்தால் வழியுண்டு என்பதைப் பிற மாநிலங்கள் காட்டியுள்ளன. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டது. மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய வாரதாரர் பதிவு இயக்கம், உழுகிறவர்களின் பெயரை ஏட்டில் ஏற்றியது. ஆந்திராவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம், உடைமை உரிமைக்குப் பங்கமின்றி, 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை வழங்க வகை செய்தது.

தமிழ்நாட்டிலும் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று சொந்தக்காரர் அஞ்சுகிறார். கேட்டால் குத்தகையே போய்விடும் என்று உழுகிறவர் வாய் திறப்பதில்லை. இந்த இரு அச்சங்களையும் போக்கும் வகையில், போகத்துக்குப் போகம் செல்லத்தக்க சாகுபடிச் சான்றை அரசு வழங்க வேண்டும். அது உதவித் தொகைக்கு மட்டுமே உரிமை தரும், நிலத்துக்கு அல்ல என்று தெளிவாக எழுதிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

அரசு அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் குத்தகைக் கணக்குப் பேசும்போது, தம் கணக்கில் விழுந்த மூன்று தவணைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். உரம் வாங்கக் கடன்படுகிறவருக்கு 6,000 ரூபாய் சிறு தொகையல்ல. உழவுக்கென்று வந்த பணம் உழுகிறவரிடம் போய்ச் சேருவதே முறை.