சத்தத்தைக் கேளுங்கோ, சாமானைப் பிறகு மாத்தலாம்

"தம்பி, உது பெயாரிங்தான். மாத்தினாச் சரி."

காரை ஜக்கில் ஏற்றவில்லை. ஓடிப் பார்க்கவில்லை. எந்தச் சில்லு, எந்த வேகத்தில் சத்தம் வருகுது என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டது. இந்த நாட்டில் கார் வைத்திருக்கிற யாரும் ஒரு தரமாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். நாங்கள் இதற்கு எதிராகத்தான் எழுதுகிறோம். சத்தம் வந்தவுடன் சாமானை மாத்துவது திருத்தவேலை இல்லை. அது குறி சொல்வது. கோயில் வாசலில் குறி சொல்பவருக்குக் குடுக்கிறதை விடப் பல மடங்கு காசை அதற்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்போர்ட்ஸ் கார்க் கதையை எடுத்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1989இல் சிக்காகோ கண்காட்சியில் மஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5ஐ எடுங்கள். இரண்டே சீற், ஒரு தொன்னுக்கும் குறைந்த நிறை, பின் சில்லுக்குப் போகிற இழுவை. சொகுசுக் கார்களில் சத்தத்தை விழுங்குவதற்காக வைக்கிற பஞ்சும் மெத்தையும் இதில் குறைவு. ரோட்டில் நடப்பது எல்லாம் உங்கள் முதுகுக்கும் காதுக்கும் வந்து சேரும். இப்படிப்பட்ட காரில் சில்லுப் பக்கம் ஒரு புதுச் சத்தம் கேட்டால், கார் உங்களோடு கதைக்கிறது என்று அர்த்தம். நாங்களோ அது என்ன சொல்கிறது என்று கேட்காமலே வாயைப் பொத்தப் பார்க்கிறோம்.

எங்கள் நண்பர் ஒருவரிடம் அப்படி ஒரு பழைய எம்எக்ஸ்-5 இருக்கிறது. 50க்கு மேல் போனால் "ம்ம்ம்" என்று ஒரு ஊளை. ஒரு கராஜில் முன் பெயாரிங் இரண்டையும் மாத்தினார்கள். சத்தம் போகவில்லை. "அப்ப பின் பெயாரிங்" என்றார்கள். காசு முடிந்ததால் நண்பர் வேறொரு வயதான பாசிடம் போனார். அவர் ஒரு ஸ்பானரையும் தொடவில்லை. பின் ரயரின் மேல் உள்ளங்கையை ஒரு பக்கம் தடவினார், பிறகு மறுபக்கம் தடவினார். ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் வாள் பல்லு மாதிரி முரடு. இந்தக் காரில் நாலு ரயரும் ஒரே அளவு என்பதால் முன்னையும் பின்னையும் மாத்திப் பூட்டி ஓடச் சொன்னார். ஊளை முன்னுக்கு வந்துவிட்டது. எலைன்மென்ட் பிழைத்து ரயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்ததுதான் முழுக் கதையும். வெளியே எறிந்த இரண்டு பெயாரிங்கிலும் ஒரு குறையும் இருக்கவில்லை.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வரிசையாக நாலு கேள்வி கேட்டாலே பாதி விடை வந்துவிடும்.

முதலாவது, சத்தம் எதோடு கூடுகிறது? 60இல் போகும்போது ஒரு கணம் கிளச்சை மிதியுங்கள். எஞ்சின் சுற்று இறங்கிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் அது எஞ்சினில் இருந்து வரவில்லை, ஓட்டத்தோடு சேர்ந்தது.

இரண்டாவது, எத்தனை தரம்? "டிக் டிக்" என்று வருகிற சத்தத்தை எண்ணலாம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் ரயர் 185/60 ஆர்14. அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீற்றர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சில்லு செக்கனுக்கு 3 தரம் சுற்றும். "டிக்"கும் செக்கனுக்கு 3 தரம் என்றால் சுற்றுக்கு ஒன்று. ரயர் இடுக்கில் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓ.எல். கணிதம் போதும் இதுக்கு.

மூன்றாவது, எப்போது மாறுகிறது? இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகளில் ஏறும். அப்போது ஊளை கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பெயாரிங். ரோட்டின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் ரயரைச் சந்தேகியுங்கள். கீச்சென்று கத்துவது பிரேக்கை மிதித்தவுடன் மாறினால் பாட்டைப் பாருங்கள். தேய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் பல பாட்டுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். மழைக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் உரசினால் அது டிஸ்கில் படிந்த துரு, தானாகப் போகும். விடாமல் தகரம் உரசுகிற சத்தம் என்றால் டிஸ்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவில் ஒரு கல் மாட்டியிருக்கலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு முடிகிற வேலை அது.

நான்காவது, கைக்கு என்ன தெரிகிறது? காரை ஜக்கில் ஏற்றி, ஸ்டாண்டும் வைத்து, சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங். நிற்காவிட்டால் பால் ஜொயின்ற் மாதிரி வேறு இடம்.

இவ்வளவும் தெரிந்தவரை யாரும் ஏமாத்தேலாது. எம்எக்ஸ்-5இன் முன் சில்லுச் சத்தத்துக்கு "சீ.வி. ஜொயின்ற் போட்டுது" என்று ஒருவர் சொன்னால், அந்தக் காரின் முன் சில்லுக்கு இழுவைத் தண்டே போகவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

சிலர் சொல்வார்கள்: "உதுக்கெல்லாம் இப்ப கொம்பியூட்டர் இருக்குதானே." இருக்கு. ஆனால் ஸ்கானர் சென்சர் சொல்வதைத்தான் வாசிக்கும். பெயாரிங் ஊளையிடுவதற்கு அதில் கோட் கிடையாது. இன்னும் சிலர், "மாத்தினால் நல்லதுதானே, புதுசு" என்பார்கள். எப்படி நல்லது? அழுத்திப் பூட்டியிருக்கிற பெயாரிங்கைக் கழற்றும்போது அது பழுதாகிவிடும். நல்லதை எறிந்துவிட்டு, தரம் தெரியாத ஒன்றைப் பூட்டுகிறோம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருசமும் பழைய கார்களைத்தான் இழுத்துப் பிடித்து ஓடினோம். சாமான் கிடைக்காத நாட்டில் நல்ல சாமானைக் குப்பையில் போடுவது என்ன நியாயம்?

ஆனால் கராஜ்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக நாங்கள் தயாரில்லை. பில்லைப் பாருங்கள். சாமானுக்கு ஒரு வரி, பூட்டுகூலிக்கு ஒரு வரி. கண்டுபிடித்ததற்கு? ஒரு வரியும் இல்லை. ஒரு மணித்தியாலம் ஓடிப் பார்த்து, தடவிப் பார்த்து, "ஒண்டும் மாத்தத் தேவையில்லை, கல்லை எடுத்திட்டன்" என்று சொல்கிற பாசுக்கு நூறு ரூபாயை நீட்டிவிட்டு வருகிறவர்கள், பெயாரிங் மாத்தியவருக்கு ஆயிரக்கணக்கில் வாய் திறக்காமல் கட்டுகிறார்கள். மூளைக்குக் காசில்லை, இரும்புக்குத்தான் காசு என்றால், கராஜில் வேலை பழகுகிற பெடியன் எதைப் பழகுவான்? கழற்றிப் பூட்டத்தான் பழகுவான். உள்ளங்கையால் ரயரை வாசிக்கிற அந்த வயதான பாசோடு அந்த அறிவும் போய்விடும்.

மறுபக்கத்தில் எங்கள் வயதுக்காரரின் கூத்து. சைலன்சரை வெட்டி ஊர் அதிரவைப்பது, பூட்டில் வூபர் அடிப்பது, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் அகலச் சில்லுக்கு ஸ்பேசர் வைப்பது. சில்லு வெளியே தள்ளத் தள்ளப் பெயாரிங்குக்கு ஏறுகிற சுமை கூடும். கெதியாகப் பழுதாகவும் அவர்களே வழி செய்கிறார்கள், பழுதாகிற சத்தம் கேட்காமல் இருக்கவும் அவர்களே வழி செய்கிறார்கள்.

இது வெறும் காசுக் கதை இல்லை. "டொக் டொக்" என்று அடிக்கிற சத்தம் சில நேரம் இறுக்காமல் விட்ட சில்லு நட்டின் சத்தம். அதையும் பெயாரிங் என்று நினைத்து "சம்பளம் வந்த பிறகு பாப்பம்" என்று ஓடினால், ஏ-9இல் வைத்துச் சில்லு தனியாகப் போகும். ஆகவே புதிதாக அடிச் சத்தம் கேட்டால் காரை நிறுத்தி முதலில் நட்டைப் பாருங்கள். சில்லு கழற்றிப் பூட்டியிருந்தால் 50, 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

நாங்கள் கேட்பது மூன்றே விசயம். சாமான் மாத்த முதல் "எப்படிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேளுங்கள். கழற்றிய சாமானைக் கையில் வாங்கிச் சுற்றிப் பாருங்கள். கண்டுபிடித்துத் தந்தவருக்கு, ஒன்றும் மாத்தாவிட்டாலும், அந்த நேரத்துக்கான கூலியை முழுதாகக் குடுங்கள்.