வீட்டுக்குள் நுழைந்த கண்காணிப்புக் கெமரா

கொவிட்-19 தொற்றுப் பரவலினால் 2020 ஆம் ஆண்டில் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்து பணியாற்றும் முறை உலகெங்கும் பரவலாகியது. ஊழியர்களுக்கு இது ஒரு சுதந்திரமாகவே தோன்றியது. ஆனால், மேற்பார்வையாளரின் இடத்தைக் கண்காணிப்பு மென்பொருட்கள் பிடித்துக்கொள்ள அதிக காலம் செல்லவில்லை. கணினித் திரையை அடிக்கடி படம் பிடிப்பதும், விசைப்பலகையில் தட்டப்படுவதைப் பதிவு செய்வதும் இன்று பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டன.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தளமாகக் கொண்ட மென்பொருள் நிறுவனமொன்று, நெதர்லாந்தில் தன் வீட்டிலிருந்து பணியாற்றிய ஊழியரை, நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலம் கெமராவை இயக்கியபடி இருக்குமாறு 2022 ஆம் ஆண்டில் பணித்தது. கணினித் திரை ஏற்கனவே கண்காணிக்கப்படுவதாகக் கூறி மறுத்த அவர், பணிய மறுத்தார் என்ற குற்றச்சாட்டில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். வழக்கை விசாரித்த நெதர்லாந்து நீதிமன்றம், இது தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமையில் தலையிடுவதாகும் எனக் கண்டு, ஏறத்தாழ 75,000 யூரோவை அவருக்குச் செலுத்துமாறு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அதிகார சபையும், ஊழியர்களை அளவுக்கு மீறிக் கண்காணித்த நிறுவனமொன்றுக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது.

சம்பளம் வழங்குபவர் வேலையை எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆயினும், இம்மென்பொருட்கள் அளப்பது உழைப்பையன்று; விரல்களின் அசைவையே. தட்டச்சு செய்வதுபோன்று போலித் தோற்றம் காட்டியமைக்காக அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி 2024 இல் பத்துக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கியது. அசைவுக்கு மதிப்பளிக்கப்படும் இடத்தில் அசைவே உற்பத்தியாகும் என்பதற்கு இது ஓர் உதாரணமாகும். அத்துடன், வீட்டிலுள்ள கெமரா ஊழியரை மட்டும் பார்ப்பதில்லை. எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடாத தாயும் மனைவியும் பிள்ளைகளும் அதன் பார்வைக்குள் வருகின்றனர்.

நெதர்லாந்து ஊழியரைக் காத்தது அவர் வாழும் நாட்டின் சட்டமாகும். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக வீட்டிலிருந்தே உழைக்கும் எமது இளைஞர், யுவதிகளின் நிலை என்ன? இவர்களிற் பலர் ஊழியர்களாக அன்றி, தற்காலிக ஒப்பந்தக்காரர்களாகவே அமர்த்தப்படுகின்றனர். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இத்தகைய உழைப்பை எண்ணி இயற்றப்பட்டதன்று. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல தொடக்கமேயாயினும், வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் அளிக்கப்படும் சம்மதத்தை உண்மையான சம்மதமாகக் கொள்ள முடியாது.

எது, எவ்வளவு நேரம், எதற்காகப் பதிவு செய்யப்படுகின்றது என்பதைப் பணியில் அமர்த்தும்போதே எழுத்தில் அறிவிக்கும் கடப்பாட்டைச் சட்டம் தெளிவாக விதிக்க வேண்டும். வெளிநாட்டு வருமானம் நாட்டுக்கு அவசியமே. அதற்காக வீட்டின் கதவையும் திறந்து வைக்க வேண்டுமென எவரும் நிர்ப்பந்திக்கப்படலாகாது.