காத்திருப்பின் விலை என்ன?

கேளிக்கைப் பூங்காக்களின்பால் எனக்குள்ள ஈடுபாட்டை நண்பர்கள் அறிவர். தமிழ் பயிற்றுவிக்கும் ஒருவனுக்கு ராட்டினங்களோடு என்ன உறவு என்று அவர்கள் நகைப்பதும் உண்டு. விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருப்பதே அந்நகைப்புக்குக் காரணம். ஆயினும், ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கிறது என்பதைப் போலவே, எவ்வாறு இளைப்பாறுகிறது என்பதும் அதன் இயல்பைப் புலப்படுத்தும். அவ்வகையில் கேளிக்கைப் பூங்காவும் நம் சிந்தனைக்குரிய களமே ஆகும். அங்குள்ள சவாரி, அதற்காக நிற்கும் வரிசை, அச்சவாரியைக் கணினித் திரையில் மீண்டும் படைக்கும் மெய்நிகர் முயற்சி ஆகிய மூன்றையும் பற்றிய என் கருத்துகளை ஈண்டு முன்வைக்க விழைகின்றேன். இம்மூன்றனுள் நடுவே நிற்கும் வரிசையே முதன்மையானது என்பது என் துணிபு.

சவாரியின் பெருமை எதில் உள்ளது?

ரோலர் கோஸ்டர் எனப்படும் சவாரியின் மூதாதை ரஷ்ய நாட்டுப் பனிச்சறுக்கு மேடு ஆகும். குளிர்காலத்தில் மரச்சட்டங்களால் உயர்ந்த மேடை அமைத்து, அதன் சரிவில் நீரை ஊற்றி உறையச் செய்து, அதன்மேல் சறுக்கி மகிழ்ந்தனர் அந்நாட்டு மக்கள். இதனாற்றான் பிரெஞ்சுக்காரர்கள் இச்சவாரியை இன்றும் 'ரஷ்ய மலைகள்' என்று அழைக்கின்றனர். ரஷ்யர்களோ இதனை 'அமெரிக்கக் குன்றுகள்' என்கின்றனர்! ஒருவர் மற்றவருக்கு உரிமையாக்கும் இப்பெயர்களே, இவ்விளையாட்டு நாடுவிட்டு நாடு சென்று வளர்ந்த வரலாற்றைச் சொல்லிவிடுகின்றன.

அமெரிக்காவில் நியூயார்க் நகரை அடுத்த கோனி தீவில், 1884ஆம் ஆண்டு லாமார்கஸ் தாம்சன் என்பவர் இத்தகைய சவாரி ஒன்றைத் தொடங்கினார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மிதிவண்டியில் செல்லும் நம் மாணவர்கள் அதனை எளிதில் முந்திவிடுவர். மேடையில் படியேறி, பலகையில் அமர்ந்து, மேடுபள்ளமாக ஓடி, மறுகோடியில் இறங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவே. அதற்கே மக்கள் திரண்டு வந்தனர்.

பின்னர் வேகமும் உயரமும் பெருகின. முழுவட்டமாகத் தலைகீழாய்ச் சுழலும் பாதையை 1895இலேயே கோனி தீவில் அமைத்துப் பார்த்தனர். சரியான வட்டமாக அமைந்த அப்பாதை பயணிகளின் கழுத்தை வருத்தியது. காரணம் எளிய இயற்பியலே. உச்சியில் வண்டி விழாதிருக்கத் தேவையான வேகத்தோடு வட்டத்தினுள் நுழைந்தால், அடிப்புறத்தில் உடல் தன் எடையைப்போல் 6 மடங்கு சுமையைத் திடீரென உணர வேண்டியிருக்கும். நீர்த்துளி வடிவில் வளைவு சிறிது சிறிதாக இறுகும்படி அமைத்து, ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் இதற்குத் தீர்வு கண்டார். அவ்வடிவமைப்பில் அமைந்த சவாரி 1976இல் கலிபோர்னியாவில் ஓடத் தொடங்கியது. அச்சத்தைக் கொடுத்து ஆபத்தை நீக்கும் இக்கணக்கீடே ரோலர் கோஸ்டரின் உண்மையான கலை.

உயரம் மட்டுமே பெருமையாகாது என்பதற்கும் சான்று உண்டு. நியூஜெர்சியில் 2005இல் திறக்கப்பெற்ற 'கிங்டா கா' 139 மீட்டர் உயரமும் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகமும் கொண்டிருந்தது. அது 2024இல் மூடப்பெற்று, 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மாறாக, கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1969இல் திறக்கப்பெற்ற 'பேய் மாளிகை' சவாரியில் வேகமும் இல்லை, உயரமும் இல்லை. நடந்து செல்பவரின் வேகத்தில் நகரும் இருக்கைகளே உள்ளன. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் அதன் வாயிலில் காத்து நிற்கின்றனர்.

அம்மாளிகையின் நுழைவாயிலில் ஓர் எண்கோண அறை உண்டு. உள்ளே நிற்பவர்களுக்குச் சுவர்கள் நீள்வதுபோலத் தோன்றும். உண்மையில் அவர்கள் நிற்கும் தளமே மெல்லக் கீழிறங்குகிறது. பூங்காவைச் சுற்றி ஓடும் தொடர்வண்டிப் பாதையின் அடியே மக்களை அழைத்துச் சென்று, அப்பால் உள்ள கட்டடத்தில் சேர்ப்பதற்காக அமைக்கப்பட்ட மின்தூக்கி அது. காத்திருத்தலையே கதையின் முதல் அத்தியாயமாக மாற்றிவிட்ட இந்நுட்பம், வரிசை என்பது சவாரிக்குப் புறம்பான தொல்லையன்று, அதன் ஒரு பகுதியே என்பதை நமக்கு உணர்த்துகிறது.

வரிசையின் அறம்

காத்திருப்பின் உளவியலை ஆராய்ந்து டேவிட் மைஸ்டர் என்னும் மேலாண்மை அறிஞர் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். வெறுமனே நிற்கும் நேரம் நீண்டு தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு மேலும் நீண்டு தோன்றும். நியாயமற்ற காத்திருப்போ நியாயமான காத்திருப்பினும் நீண்டு தோன்றும் என்பன அவர் கூறும் கருத்துகளுட் சில. முதல் இரண்டையும் பூங்கா நடத்துவோர் நன்கு கற்றுக்கொண்டனர். வரிசையை ஓவியங்களாலும் இசையாலும் அழகுபடுத்தினர். எத்தனை நிமிடம் ஆகும் என்று பலகையில் எழுதி வைத்தனர். மூன்றாவது பாடத்தைத்தான் மறந்துவிட்டனர்.

டிஸ்னிலாந்து 1955இல் தொடங்கியபின் நெடுங்காலம் அங்கே நுழைவுச் சீட்டோடு சவாரிச் சீட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. எளிய சவாரிக்கு ஒரு வகைச் சீட்டு, சிறந்த சவாரிக்கு வேறு வகைச் சீட்டு. 1982இல் அம்முறை கைவிடப்பட்டது. அதில் விலை வேறுபாடு சவாரிக்கு இருந்ததேயன்றி வரிசைக்கு இல்லை. 1999இல் 'ஃபாஸ்ட்பாஸ்' என்னும் முறை வந்தது. நுழைவுச் சீட்டை இயந்திரத்தில் இட்டால், மீண்டும் எந்த நேரத்தில் வரலாம் என்று குறித்த சீட்டு ஒன்று கிடைக்கும். இம்முறையிலும் குறைகள் இருந்தன. எனினும் அது கட்டணமின்றி எல்லோர்க்கும் கிடைத்தது. 2020இல் பெருந்தொற்றால் பூங்காக்கள் மூடப்பட்டபோது அது நின்றது. 2021இல் அதன் இடத்தைப் பிடித்தது கட்டண முறை. ஃபுளோரிடாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று தொடங்கிய அவ்வணிகம், 2024இல் கலிபோர்னியாவில் 400 டாலர் கட்டணத்தில் ஒரு மேல்நிலைச் சீட்டை அறிமுகப்படுத்தும் அளவுக்கு வளர்ந்தது.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். ஒரு சவாரி மணிக்கு 1000 பேரை ஏற்றிச் செல்லும் எனக் கொள்வோம். வரிசையில் நமக்கு முன்னே 1000 பேர் நின்றால் நாம் 1 மணி நேரம் காத்திருப்போம். இப்பொழுது மணிக்கு 700 இடங்களை விரைவு வரிசைக்கு ஒதுக்கிவிட்டால், நம் வரிசைக்கு எஞ்சுவன 300 இடங்களே. அதே 1000 பேருக்குப் பின்னால் நிற்கும் நாம் 3 மணி 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். விரைவுச் சீட்டு ஒரே ஓர் இருக்கையைக்கூடப் புதிதாக உண்டாக்கவில்லை. ஒருவரது நேரத்தை எடுத்து மற்றொருவருக்கு விற்றது, அவ்வளவே. விற்றவருக்குப் பணம் கிடைத்தது. வாங்கியவருக்கு நேரம் கிடைத்தது. நேரத்தை இழந்தவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

தொடர்வண்டியில் குளிர்சாதனப் பெட்டி இல்லையா, விமானத்தில் முதல் வகுப்பு இல்லையா என வினவுவோர் உளர். உண்டு. ஆனால் முதல் வகுப்பில் ஒருவர் அமர்வதனால் சாதாரண வகுப்பில் இருப்பவர் ஊர் போய்ச் சேரத் தாமதமாவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில்தான் சேருகின்றனர். மிகுதியான வசதியை விற்பது வேறு. பிறரது முறையை விற்பது வேறு. முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிவழி அமைப்பதோ முற்றிலும் வேறானது. அது தேவையை அளவுகோலாகக் கொண்டது, பணப்பையை அன்று.

இவ்வழக்கம் கடல்கடந்த நாடுகளோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டுப் பூங்காக்களிலும் வந்துவிட்டது. கோடை விடுமுறையில் ஒருநாள், பெயர் சொல்ல வேண்டாத பூங்கா ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னே ஒரு தந்தையும் அவருடைய சிறு மகளும் நின்றனர். வெயிலில் வரிசை நகரவேயில்லை. பக்கத்துக் கம்பித் தடுப்புக்குள் ஒரு குடும்பம் விரைந்து நடந்து நேரே வண்டியில் ஏறியது.

"அத்தா, அவங்க மட்டும் ஏன் முன்னாடி போறாங்க?" என்றாள் சிறுமி.

"அவங்க கூடக் காசு குடுத்திருக்காங்கம்மா."

"அப்ப நாம குடுத்தது காசு இல்லையா?"

தந்தை விடை சொல்லவில்லை. மகளின் தலையில் கைக்குட்டையை விரித்துப் போட்டார். அவ்விருவருக்கும் இருபது பேருக்குப் பின்னால் வந்தவர்கள் சவாரி முடித்துச் சிரித்துக்கொண்டு வெளியேறிய வேளையிலும் நாங்கள் அதே இடத்தில் நின்றோம். மூன்று மணி நேரம் நிற்பதால் கால் வலிக்கும். வீடு திரும்பினால் வலி போய்விடும். ஆனால், முறை என்பது காசுள்ளவனுக்கு வளைந்து கொடுக்கும் என்று எட்டு வயதில் கற்ற பாடம் எளிதில் போகுமா?

மெய்நிகர் மீட்டுருவாக்கம்

வரிசையே வேண்டா என்போர்க்கு இன்று வேறொரு வழி திறந்துள்ளது. கிறிஸ் சாயர் என்பவர் உருவாக்கி 1999இல் வெளிவந்த 'ரோலர் கோஸ்டர் டைகூன்' என்னும் கணினி விளையாட்டு, பூங்கா அமைக்கும் இன்பத்தை வீட்டு மேசைக்கே கொண்டுவந்தது. 'நோ லிமிட்ஸ்' போன்ற மென்பொருள்கள் பாதையின் ஒவ்வொரு வளைவையும் கணக்கிட்டுக் காட்டவல்லன. கண்களை மூடும் மெய்நிகர்க் கருவியை அணிந்தால், நாற்காலியில் இருந்தபடியே சரிவில் பாய்வதுபோன்ற தோற்றத்தைக் காணலாம்.

இதனைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஃபுளோரிடாவில் 1971 முதல் 1994 வரை இயங்கிய கடலடிக் கப்பல் சவாரி இன்று இல்லை. 1983இல் திறக்கப்பெற்று 1999இல் மூடப்பட்ட 'ஹொரைசன்ஸ்' சவாரியும் இல்லை. எதிர்காலத்தைக் காட்டிய அச்சவாரியின் இறுதியில், விண்வெளியா, பாலைநிலமா, கடலடியா என்று பயணிகளே பொத்தானை அழுத்தித் தம் முடிவைத் தேர்ந்துகொள்ளலாம். கட்டடம் இடிக்கப்பட்ட பின்னர், ஆர்வலர்கள் பழைய ஒளிப்படங்களையும் நிகழ்படங்களையும் திரட்டி, இத்தகைய சவாரிகளைக் கணினியில் மீண்டும் எழுப்பியுள்ளனர். ஊதியம் கருதாது செய்த உழைப்பு இது. கிடைத்த ஏடுகளைக் கொண்டு சிதைந்த நூலொன்றைப் பதிப்பிக்கும் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம். மறைந்துபோன ஒன்றின் நினைவைக் காக்கும் ஆவணமாக மெய்நிகர் மீட்டுருவாக்கம் போற்றத்தக்கது.

ஆனால் சவாரிக்கு அது மாற்றாகாது. கண் பாய்கிறது, உடல் நாற்காலியிலேயே இருக்கிறது. கண் சொல்வதற்கும் உட்செவி சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டால் பலருக்குத் தலைசுற்றலே மிஞ்சுகிறது. எடை கூடுவதும் குறைவதுமாகிய அந்த மெய்யுணர்வைத் திரை தராது. இரண்டையும் இணைக்கும் முயற்சியும் நடந்தது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2016இல், உண்மையான ரோலர் கோஸ்டரில் அமர்வோர்க்கு மெய்நிகர்க் கருவிகளை அணிவித்தனர். விளைவு என்ன? ஒவ்வொருவருக்கும் கருவியைப் பொருத்திச் சரிபார்ப்பதில் நேரம் சென்றது, ஏறுவோர் தொகை குறைந்தது, வரிசை நீண்டது! சில ஆண்டுகளிலேயே அக்கருவிகள் அகற்றப்பட்டன.

திரை தரவியலாத மற்றொன்றும் உண்டு. அதுவே அக்கம்பக்கத்து மனிதர்கள். முன்பின் அறியாதவரோடு ஒரு மணி நேரம் நின்று, குடிநீரைப் பகிர்ந்து, குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டி, பின்னர் ஒரே வண்டியில் அமர்ந்து ஒரே குரலில் அலறுவதை எந்தக் கருவியும் மீட்டுருவாக்கம் செய்ததில்லை.

முடிவாக

வரிசைகள் நீளக்கூடாது என்றால், அதற்கு வழிகள் உள்ளன. கொள்ளும் அளவுக்கு மட்டுமே நுழைவுச் சீட்டு விற்கலாம். சவாரிகளைப் பழுதின்றிப் பேணி முழுத்திறனோடு இயக்கலாம். நிற்குமிடத்தில் நிழலும் குடிநீரும் இருக்கையும் அமைக்கலாம். வேண்டுமாயின் எல்லோர்க்கும் கட்டணமின்றி நேரம் குறித்துக் கொடுக்கலாம். இவற்றிற்குச் செலவாகும் என்பர். அச்செலவை நுழைவுக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேர்க்கட்டும். பின்னால் நிற்பவனின் பொழுதை அவனறியாமல் விற்று ஈடுசெய்ய வேண்டா.

மாணவ நண்பர்களே! நாளை உங்களுள் சிலர் மேலாளர்களாகவும், பொறியாளர்களாகவும், அலுவலர்களாகவும் அமர்வீர்கள். பூங்காவில் இல்லாவிடினும், மருத்துவமனையிலோ வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ உங்கள் முன் ஒரு வரிசை நிற்கும். அதனைக் குறுக்குவதற்கு உங்கள் அறிவனைத்தையும் பயன்படுத்துங்கள். ஆனால் அதன் நடுவே விலைக்கு ஒரு வாயில் திறக்குமுன், அதன் கடைசியில் தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். அவள் கேட்ட கேள்விக்கு அன்று அங்கே நின்ற எங்களுள் ஒருவராலும் விடை சொல்ல இயலவில்லை.