பிரிவு எண்களும் பறிபோன உறக்கமும்

சட்டத் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் எங்களை உறங்கவிடாதவை பிரிவு எண்களே. 2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்திற்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கான 302ஆம் பிரிவு 103 ஆயிற்று. உருப்போட்டு வைத்திருந்தவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. (‘ஃபோர் ட்வென்ட்டி’ என்ற வசவு மட்டும் இன்னும் எண் மாறவில்லை.) ஆனால் கொலைக்கும், கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள வேறுபாடு அப்படியே நிற்கிறது. கட்டுரை வினா கேட்பது அதைத்தான். ஆகவே உருப்போடும் நேரத்தில் பாதியையாவது, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒரு விடையை முழுமையாக எழுதிப் பார்ப்பதற்குத் தரவேண்டும் என்பது எங்கள் கட்சி. முதலிரண்டும் கேவலமாகத்தான் வரும், கிழித்துவிட வேண்டாம். மூன்றாவதை எழுதுகையில் எங்களுக்குக் கைநடுக்கம் குறைந்தது. சிலருக்கு உறக்கமும் திரும்பியது.